மலைச்சரிவில் மண் எத்தனை சாண்?

எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை மண்ணுக்கு அடி கிடையாது. காரைக்காலில் எந்த ஊரில் கைப்பம்பு இறக்கினாலும் குழாயோடு மேலே வருவது களி, பிறகு மணல், மறுபடி களி, மறுபடி மணல். நூறு அடி இறக்கினாலும் பாறை தட்டாது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாவட்டத்தில் ஒரு குன்றுகூட இல்லை. நிலத்தில் தானாகக் கிடக்கும் கருங்கல் துண்டும் இல்லை. ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் ஜல்லி, வீட்டு அம்மி, ஆட்டுக்கல், திருநள்ளாறு கோயில் தூண் எல்லாம் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை.

இந்தப் பிள்ளைகளிடம்தான் மலைச்சரிவு மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். பாடநூலில் அதற்கு இடம் குறைவு. 'ஆழம் குறைந்தது, அரிப்புக்கு உள்ளாவது' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஆழம் குறைந்த மண் என்ற சொல் அவர்கள் மனத்தில் எந்தப் படத்தையும் தருவதில்லை என்பதை 2024 டிசம்பரில் நன்றாகப் பார்த்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. மறுநாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது சேறும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மலைல தண்ணி நிக்கவே நிக்காதே சார், ஓடிடுமே. நமக்குத்தானே வெள்ளம். அவங்களுக்கு எப்படி சார் ஆபத்து வந்துச்சு?"

டெல்டாவில் வளர்ந்த குழந்தைக்கு மழையின் ஆபத்து என்றால் தேங்கும் நீர்தான். அந்த வகையில் அவளுடைய கேள்வி நியாயமானது. விடை சொல்லத் தொடங்கினால் பாறை, மண், நீர், சரிவு நான்கையும் தொட்டே ஆகவேண்டும். பிறகு ஐந்து பாடவேளைகளில் நான் நடத்தியதை இங்கே எழுதுகிறேன். மலையே இல்லாத ஊரில் பணிபுரியும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் கல். மலைக்குப் போக முடியாது என்றாலும் மலையின் துண்டு நம் தெருவிலேயே கிடக்கிறது. சாலைப் பணிக்குக் கொட்டிய குவியலிலிருந்து ஆளுக்கொரு ஜல்லி எடுத்துவரச் சொன்னேன். புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மூன்று பொருள்கள் தெரியும். கண்ணாடிச் சில்லுபோல் பளபளப்பது குவார்ட்ஸ்; கொங்குப் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்பார்கள். வெள்ளையாகவோ வெளிர்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ஸ்பார். கறுப்பாக இருப்பவற்றில் ஒன்று, காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா. எல்லாக் கல்லிலும் மூன்றும் தெளிவாகத் தெரியாது. நீலங்கலந்த கருநிறக் கல் கிடைத்தால் அது பெரும்பாலும் சார்னோகைட்டாக இருக்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து 1893இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் இது. அந்தக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வகைக் கல் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நீலகிரியும் சேர்வராயனும் பெரும்பாலும் இந்தக் கல்லால் ஆனவை. கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று அறிவியலார் பிரித்தாலும் தமிழில் மூன்றும் கருங்கல்தான். மண் உருவாகும் கதையும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பள்ளிப் பாடத்துக்கு இந்தப் பொதுப்பெயர் போதும்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி ஃபெல்ஸ்பாரைத் தின்கிறது. ஃபெல்ஸ்பாரில் உள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை நீரில் கரைந்து போய்விட, எஞ்சுவது களி. குவார்ட்ஸை மட்டும் அந்த நீரால் அசைக்க முடிவதில்லை. அது மணலாக உதிர்ந்து நிற்கிறது. இரும்புச்சத்து துருவேறி எல்லாவற்றுக்கும் செம்மை பூசுகிறது. கருங்கல் சரிவின் மண் பருமணலும் கொஞ்சம் களியும் கலந்து செந்நிறமாக இருப்பதன் காரணம் இதுதான். இதில் ஒரு சென்டிமீட்டர் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

சமதளத்தில் இப்படி உருவான மண் அங்கேயே கிடந்து ஆழம் கூடிக்கொண்டே போகும். சரிவில் உருவாக உருவாக இறங்கிப் போய்விடும். அதுவும் எல்லாம் சமமாக இறங்காது. மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது முதலில் கிளம்புவது மிக நுண்ணிய களியும் மட்கும். உரச்சத்தைப் பிடித்துவைத்திருப்பவை இவை இரண்டும்தான். பருமணலும் சரளையும் பின்தங்கும். ஆக, சரிவு மண்ணில் அளவு குறைவதற்கு முன்பே தரம் குறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. நிலம் அதே இடத்தில்தான் இருக்கும்.

'ஆழம் குறைவு' என்பதைக் கையால் அளக்கவைத்தேன். மண் ஆய்வுத் துறையினர் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை மிக ஆழமற்ற மண் என்றும், 25 முதல் 50 வரை ஆழமற்ற மண் என்றும் வகைப்படுத்துகிறார்கள். நம் பாட்டிமார் கணக்கில் சொன்னால் முதலாவது ஒரு சாண், இரண்டாவது ஒரு முழம். (சாண் சுமார் 23 சென்டிமீட்டர், முழம் அதன் இரட்டிப்பு. ஒருவர் கைக்கு ஒருவர் கை மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.) "உங்க வயல்ல ஒரு சாண் தோண்டினதும் சிமென்ட் தரை வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வீட்டை வித்துட்டுப் போயிடுவோம் சார்" என்றான் ஒருவன்.

இனி ஒரு சின்னக் கணக்கு. கணித ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம். பருமணல் கலந்த மண் பயிருக்குத் தரக்கூடிய நீர், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒரு சாண் மண் தருவது 23 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு கல் என்றால் 15தான். வெயில் காலத்தில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும். மழை நின்ற நான்காம் நாள் செடி வாடத் தொடங்கும். நம் காரைக்கால் களிவண்டலில் சென்டிமீட்டருக்கு 1.5 மில்லிமீட்டர் என்றும் வேர் ஒரு மீட்டர் இறங்குகிறது என்றும் வைத்தால் 150 மில்லிமீட்டர். ஒரு மாதம் தாங்கும். நெல் அறுத்த ஈரத்திலேயே இங்கே உளுந்தும் பயறும் விளைவது இந்தக் கையிருப்பால்தான். கருங்கல் சரிவில் அப்படி ஒரு போகம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மாணவியின் கேள்விக்கு வந்துவிடுகிறோம். வறட்சியில் நீரைத் தாங்காத மண், பெருமழையில் எவ்வளவு நீரைக் கொள்ளும்? மண்ணின் கனஅளவில் சுமார் 40 விழுக்காடு இடைவெளி. ஒரு சாண் மண்ணின் இடைவெளிகள் முழுவதும் நிரம்ப 9 சென்டிமீட்டர் மழை போதும். புதுச்சேரியில் அன்று பெய்த 48 சென்டிமீட்டரை அப்படியே ஒரு கருங்கல் சரிவின் மீது பெய்ததாக வைத்துப் பாருங்கள். அந்த மண் கொள்ளும் அளவைப்போல் ஐந்து மடங்கு. முன்பே ஈரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். டெல்டாவில் மிச்ச நீர் மேலே தேங்கும். அங்கே அடியில் பாறை. கீழிறங்க வழியில்லாத நீர், மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் சரிவோடு ஓடத் தொடங்கும். மலையில் தண்ணீர் நிற்காது என்று அவள் சொன்னது மேற்பரப்புக்குப் பெரும்பாலும் சரி. மண்ணுக்குள் சில மணி நேரம் நிற்கிறது. அந்தச் சில மணி நேரம் போதும்.

ஏன் போதும் என்பதைக் காரைக்கால் கடற்கரையிலேயே காட்டலாம். காய்ந்த மணலைக் கைப்பிடியிலிருந்து மெல்ல ஒழுகவிட்டால் கூம்பாகக் குவியும். பாகைமானியை வைத்து அளந்தால் 32 முதல் 35 பாகை வரை சாய்வு வரும். எவ்வளவு கொட்டினாலும் அதற்கு மேல் செங்குத்தாகாது; உருண்டு விழும். அடுத்து ஈர மணல். பிள்ளைகள் கட்டும் கோட்டைச் சுவர் நேராக நிற்கும். துகள்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதே சுவர் மீது ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றினால் சுவர் கரைந்து ஓடிவிடும். இடைவெளி முழுவதும் நீர் நிரம்பியதும் இழுத்துப் பிடித்த படலம் மறைந்துபோகிறது. உள்ளே ஏறிய நீரழுத்தம் துகள்கள் ஒன்றின் மீது ஒன்று ஊன்றி நிற்பதைக் குறைத்துவிடுகிறது. பிடிப்புக்குக் களி இல்லாத மணல்மண், காய்ந்திருந்தபோது தாங்கிய சாய்வில் ஏறக்குறைய பாதியைத்தான் நீர் நிரம்பி ஓடும்போது தாங்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 33 பாகைக்குத் துணிந்து நின்ற மண் 18 பாகையிலேயே வழுக்கும். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த சரிவு ஒரே இரவில் இறங்குவது இப்படித்தான்.

கடற்கரைக்கு அழைத்துப்போக முடியாதவர்கள் தரையோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீது விரல் கனத்துக்கு ஈர மணல்மண்ணைப் பரப்பி மெல்லச் சாய்த்து, மேல்விளிம்பில் சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள். மண் உள்ளுக்குள் உடைவதற்கு முன் ஓட்டோடு ஒட்டிய இடத்தில் விட்டுக்கொண்டு மொத்தமாக நழுவும். பிறகு ஓட்டைத் திருப்பி, சொரசொரப்பான பின்பக்கத்தில் செய்து பாருங்கள். கொஞ்சம் கூடுதல் சாய்வு தாங்கும். மண்ணின் தன்மை மட்டும் போதாது, அது எதன்மீது உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம் என்று சொல்ல இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

திருவண்ணாமலையில் பாறையும் சேர்ந்தல்லவா உருண்டது? அதற்கும் மண்தான் காரணம். கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. நீர் அவற்றில் இறங்கி ஒவ்வொரு கட்டத்தையும் நாலாபக்கமும் அரிக்கும்போது மூலைகள்தான் முதலில் கரையும். கற்கண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் மூலை மழுங்கி உருண்டையாவதுபோல, மண்ணுக்குள்ளேயே உருண்டைக் கற்கள் உருவாகின்றன. சுற்றியிருக்கும் மண் காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, அவை சரிவில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. செஞ்சிக்குச் சுற்றுலா போன பிள்ளைகள், ராட்சசன் அடுக்கிவைத்ததுபோல் பாறைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அடுக்கியவர் யாருமில்லை, நடுவிலிருந்த மண் போய்விட்டது, அவ்வளவுதான். இன்னும் பாதி மண்ணில் புதைந்திருக்கும் உருண்டைகளுக்கு அந்த மண்தான் மெத்தை. மெத்தை நனைந்து நழுவினால் கல்லும் வரும். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பிறகு பக்தர்களை மலையேற அனுமதிக்காமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எல்லாக் கருங்கல் மலையும் ஒரு சாண் மண்ணோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மழை மிகுந்த நீலகிரியில் பாறை பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போயிருக்கிறது. அங்கே ஆபத்து வேறு வகை: ஆழமான மண்ணே நீர் குடித்துக் கனத்துப் பெயர்ந்துவிடும். 2009 நவம்பரில் அப்படிப் பல இடங்களில் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கை மலையகத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்த தோட்டத்தின் லயன் வீடுகள் புதைந்தன. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை சூரல்மலையும் முண்டக்கையும். இந்த மூன்று இடங்களிலும் சரிவோரத்துத் தேயிலை மக்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொன்னார்கள். மழை கூடிய இந்தச் சரிவுகளில் கால்சியமும் பொட்டாசியமும் கரைந்துபோய் மண் அமிலமாகிவிடுகிறது. தேயிலைக்கு அது பிடிக்கும். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் சுண்ணாம்பு இடவேண்டும்.

அப்படியானால் சரிவில் என்னதான் செய்யலாம்? இங்கே பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும் விடை, "மரம் நடணும் சார்." தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. வேர், பாறை வெடிப்புக்குள் இறங்கினால் மண்ணைத் தைத்துப் பிடிக்கும். இலைப்பரப்பு துளியின் வேகத்தைக் குறைக்கும். உதிர்ந்த சருகு நீரை மெதுவாக்கும். ஒரு சாண் மண்ணில் வேர் பக்கவாட்டில் மட்டுமே படர்ந்த மரம், மண் நழுவும்போது மரத்தோடு சேர்ந்து நழுவும். அதைவிட முக்கியம், வெட்டாமல் இருப்பது. வீட்டுக்கோ சாலைக்கோ சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுவது, சுவரில் சாய்த்துவைத்த ஏணியின் காலை இழுப்பதற்குச் சமம். மேலே எத்தனை மரம் நட்டாலும் அதற்கு ஈடாகாது. ஓடை போகும் பள்ளத்தை நிரப்பி வீடு கட்டுவதும் அப்படித்தான். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த ஓடையைத்தான் சேறு வழியாக எடுத்துக்கொள்கிறது.

பயிரில் கொல்லிமலை நல்ல உதாரணம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் அந்த ஊரில், நெல் இருப்பது பள்ளங்களில் மட்டும். மேலிருந்து இறங்கிய மண்ணும் நீரும் தங்கும் இடம் அதுதான். சரிவில் சாமையும் கேழ்வரகும் திணையும் விதைத்தார்கள். குறைந்த ஆழத்தில், குறைந்த நீரில், சீக்கிரம் முடிந்துவிடும் பயிர்கள். பிறகு பணம் தரும் மரவள்ளி வந்து அவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. மரவள்ளியை அறுக்க முடியாது, பிடுங்கவேண்டும். ஒவ்வொரு அறுவடையும் சரிவைக் கிளறிப் போடுகிறது. உழவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சாமையை இடித்து அரிசியாக்கும் பாடும் அதற்குக் கிடைத்த விலையும் அவர்களுக்குத்தான் தெரியும். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு, படிமட்டம், வரப்போரம் வெட்டிவேர், மிளகு ஏறும் நிழல்மரம் என்று செய்யக்கூடியவை இருக்கின்றன. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்று: நீரை நடக்கவைப்பது, ஓடவிடாமல்.

இந்த இடத்தில் ஒருவன், "நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான். காவிரி வரைபடத்தை விரித்தேன். குடகிலிருந்து காவிரி, நீலகிரியிலிருந்து பவானி வழியாக, கொல்லிமலையிலிருந்து அய்யாறு வழியாக என்று, சரிவுகள் இழந்த நுண்மண் எல்லாம் இறங்கிவந்து படிந்த இடம்தான் அரசலாற்றுப் படுகை. அவன் வீட்டு வாசலில் இருக்கும் வண்டல், யாரோ ஒருவரின் மலை இழந்த மண். கனமான குவார்ட்ஸ் கடற்கரை மணலாகக் கிடக்கிறது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னபோது, தாத்தா காலத்து வண்டலைத்தான் இன்னும் உழுதுகொண்டிருக்கிறோமா என்று அவனே கேட்டான்.

நம் மண் உயர்ந்தது, மலை மண் தாழ்ந்தது என்று அவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசிப் பாடவேளையை நிலத்தகுதி வகைப்பாட்டுக்கு ஒதுக்கினேன். அமெரிக்க வேளாண் துறை 1961இல் வெளியிட்ட அந்த முறையை நம் மண் ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். நிலத்தை 1 முதல் 8 வரை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எது தடை என்று ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். தமிழில் நாங்கள் வைத்துக்கொண்டவை: அரிப்புக்கு அ, ஈர மிகுதிக்கு ஈ, வேர்மண்டலக் குறைக்கு வே, தட்பவெப்பத்துக்கு த. ஒரு சாண் மண்ணுள்ள செங்குத்துக் கருங்கல் சரிவு பெரும்பாலும் 7 அல்லது 8. எழுத்து அ, வே. காரைக்கால் வயலுக்குத் தடையே இல்லையா? கார்த்திகையில் முழங்கால் நீரில் நாற்றைப் பறிகொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உடனே ஈ போட்டார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உப்பேறிய கடலோர வயல்களுக்கு வே போட்டார்கள். அ போட யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்தோடு ஜாடிச் சோதனையும் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயல் மண், கடற்கரை மணல், வெளியூர் உறவினர் மூலம் தருவித்த செம்மண் மூன்றையும் தனித்தனி ஜாடியில் நீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்துவிடும். செம்மண்ணில் பருமணல் உடனே அடியில் உட்கார, மேலே செங்கலங்கல் கொஞ்ச நேரம் நிற்கும். நம் வயல் களி அன்றைக்குத் தெளியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் குலுக்கி வைத்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை காலையில் அடுக்குகளை அளக்கலாம்.